சத்தமில்லாத வண்டியில் மூன்று மணி நேரம்

இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர், "ஆள் தூக்கக் கலக்கத்துல ஓட்டியிருப்பாரு" என்றார்கள். மீதிப் பேர் பேச்சை மாற்றிவிட்டார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது பட்டப்பகலில். நல்ல வெயில். டெலிவரிச் சீட்டில் கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் எல்லாம் இருக்கிறது. வண்டியை வாங்கியவரின் கையெழுத்தும் இருக்கிறது. நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

பழைய கார்களை வாங்கி, சரிசெய்து விற்கும் ஒரு கம்பெனி. விற்ற வண்டியை வாங்கியவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடும் ஓட்டுநர் ஒருவர் அங்கே இருந்தார். ஐம்பத்திரண்டு வயது. அவரை எல்லோரும் 'எண்பது அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டியைக் கொடுத்தாலும் எண்பதைத் தாண்டமாட்டார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே கை ஓய்ந்துபோவான். இவர் அசையமாட்டார். இருபத்தாறு வருடத்தில் ஒரு கீறல் கிடையாது.

இது நடப்பதற்கு நாற்பத்தேழு நாளைக்கு முன்னால் அவர் மனைவி இறந்துபோனாள்.

அன்று அவர் வெளியூரில் ஒரு வண்டியை விட்டுவிட்டு, கம்பெனி வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா, சீக்கிரம் வாங்க." இன்னும் நூறு கிலோமீட்டர் இருந்தது. கால் பழகிய பழக்கம். எண்பதிலேயே வந்தார். ஒன்றே கால் மணி நேரம். அவர் வந்து சேர்ந்தபோது மனைவியின் உயிர் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. நூற்றுப்பத்தில் வந்திருந்தால் ஐம்பத்தைந்து நிமிடம்தான் என்று அவருக்குத் தெரியும். யாரும் சொல்லிக்காட்டவில்லை. மகளும் சொல்லவில்லை.

அதன்பிறகு அவருக்கு அழுகை வரவில்லை. பசி வரவில்லை. மகள் தட்டில் போட்டால் சாப்பிட்டார். படு என்றால் படுத்தார். கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள், வேலைக்குப் போனார்.

போன முதல் நாளே மேனேஜர் அந்தச் சாவியைக் கொடுத்தார். சாவி என்றால் சாவியில்லை, ஒரு அட்டை. சிவப்பு நிற மின்சார ஸ்போர்ட்ஸ் கார். மூன்று நொடியில் நூறைத் தொடும். கம்பெனியே வேலையை விட்டுவிட்டு அதைச் சுற்றி நின்றது. பெயிண்டர் கை கழுவிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார்.

"இதப் போய் எண்பது அண்ணன்கிட்ட குடுக்கறீங்களே சார்! பந்தயக் குதிரைய மாட்டு வண்டில பூட்டின கதையா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் வாயை லேசாக விரித்தார்.

"இருநூறு கிலோமீட்டர்ணே. வழியில ஒரு தடவ சார்ஜ் போட்டுக்குங்க. பின் சீட்டு பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காதீங்க, வாங்கறவர்தான் பிரிக்கணும்" என்றார் மேனேஜர்.

பின் சீட்டு என்பது பேருக்குத்தான். ஒரு பையை வைக்கலாம். வளர்ந்த ஆள் உட்கார்ந்தால் கழுத்தை மடக்கித்தான் உட்காரவேண்டும்.

மதியம் 1:20. கிளம்பினார்.

வண்டி சத்தமே போடவில்லை. இருபத்தாறு வருடமாக எஞ்சின் உறுமலோடு இருந்த காதுக்கு அது ஒரு மாதிரி இருந்தது. டயர் உரசுவது கேட்டது. அவர் எச்சில் விழுங்குவது அவருக்கே கேட்டது. நெடுஞ்சாலை ஏறியதும் எண்பதில் நிறுத்தினார். பக்கத்தில் போனவர்கள் கண்ணாடியை இறக்கி வண்டியைப் பார்த்தார்கள், பிறகு வேகத்தைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள்.

1:55.

சரக்...

பிளாஸ்டிக் கவர். வெயில் பட்டு நெளிகிறது என்று நினைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சத்தம். மெதுவாக. இழுத்து... விட்டு... இழுத்து... விட்டு...

ஏசியைக் குறைத்தார். சத்தம் குறையவில்லை. ஏசியை அணைத்தார். இன்னும் நன்றாகக் கேட்டது.

மூச்சு.

பெட்ரோல் வண்டியாக இருந்தால் கேட்டிருக்கவே கேட்காது. எத்தனை வண்டியில் இப்படி யார் யார் கூட வந்தார்களோ, எஞ்சின் சத்தத்தில் நமக்குத் தெரியாமலே போயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. கண்ணாடியில் பார்த்தார். பின் சீட்டு காலி. பளபளவென்று பிளாஸ்டிக்.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அது அமுங்கியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஓரம் கட்டி, கதவைத் திறந்து ஓடியிருப்பார்கள். அவர் ஓடவில்லை. தைரியசாலி என்று சொல்ல வரவில்லை. பயப்படுவதற்கும் உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கவேண்டும் அல்லவா? அவர் வெறுமனே ஓட்டிக்கொண்டு போனார்.

2:20. மகள் கூப்பிட்டாள். வண்டி ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"அப்பா, சாப்டீங்களா?"

"ம்."

"பொய் சொல்லாதீங்க. என்ன சாப்டீங்க?"

அவர் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார்.

"சரி, போற வழியில ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்க... ஆமா, யாரையாவது ஏத்திட்டுப் போறீங்களா? கம்பெனில திட்டப் போறாங்கப்பா."

"யாரும் இல்லம்மா."

"பேச்சுக் குரல் கேட்டுச்சே..."

"ரேடியோ" என்றார்.

ரேடியோ போடவேயில்லை.

2:36. நேரான சாலை. முன்னால் ஒரு வண்டியும் இல்லை. ஏன் செய்தார் என்று அவருக்கே தெரியாது. காலை அழுத்தினார்.

முதுகு சீட்டில் அறைந்தது. நூறு. நூற்றுப்பத்து. நூற்று நாற்பது. எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு சுலபமா? கால் கட்டை விரலை லேசாக அழுத்தினால் போதுமா?

பின்னால் மூச்சு சட்டென்று நின்றது. பிடித்து வைத்துக்கொண்டதுபோல.

காலை எடுத்தார். எண்பது.

மூச்சு திரும்ப வந்தது... வேகமாக.

அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. நம்மைத் தேடி வேறு யார் வரப்போகிறார்கள்?

2:50. சார்ஜ் போடும் இடம். நான்கு கம்பங்கள், தகரக் கூரை, ஒரு டீக்கடை. வேறு வண்டி இல்லை. வயரைச் சொருகிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். 28 நிமிடம் ஆகும் என்று திரை காட்டியது. கதவைச் சாத்தியதும் வெளியுலகம் அடங்கிப்போனது.

இழுத்து... விட்டு...

அவர் உடம்பை முழுதாகப் பின்பக்கம் திருப்பினார். அமுங்கிய இடத்தைப் பார்த்தார்.

3:02.

"நீதானா?"

சரக்.

ஒரே ஒரு தடவை. ஆமாம் என்பதுபோல.



"கோவமா எம்மேல?"

மூச்சு.

"நூத்திப்பத்துல வந்திருக்கலாம். ரோடு காலியாத்தான் இருந்துச்சு. கால் அழுத்தமாட்டேன்னுடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

மூச்சு.

"கடைசியா என்னைத் தேடினியாமே. பாப்பா சொன்னா. எதுக்குத் தேடின?"

மூச்சு... மூச்சு...

"ஏதாவது சொல்லேன்."

பிளாஸ்டிக் மெல்ல அசைந்தது. அவ்வளவுதான். பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. அமுங்கிய இடம் மறைந்தது. மூச்சு இல்லை.

3:09.

நாற்பத்தேழு நாளில் முதல்முறையாக அவருக்குப் பசித்தது. டீக்கடையில் இரண்டு பாக்கெட் பிஸ்கட் வாங்கி, நின்றபடியே தின்று தீர்த்தார். அழுகை இன்னும் வரவில்லை. ஆனால் மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது குறுகுறுக்குமே, நெஞ்சுக்குள் அப்படி ஒன்று. கேட்கவேண்டியதைக் கேட்டாயிற்று. அவள் வந்தாள், கேட்டுக்கொண்டாள். அது போதும் என்று நினைத்தார்.

4:25. வண்டியை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினார். அன்றிரவு மகளிடம், "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள் அடுப்படிக்குள் போய் அழுதாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.

பதினோரு நாள் கழித்து அந்த வண்டி திரும்பி வந்தது. பின் சீட்டு ஏசி தானாக ஓடுகிறது என்று புகார். கம்பெனியில் எலக்ட்ரானிக்ஸ் பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், கறாரான ஆள். லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தாள். அரைமணி நேரம் கழித்து அவரைத் தேடி வந்தாள். முகம் சரியில்லை.

"அண்ணே... அன்னிக்கு உங்ககூட யாரு வந்தாங்க?"

"யாரும் வரலையே."

"இந்த வண்டில டிரைவருக்கு ஒண்ணு, பின் சீட்டுக்கு ஒண்ணுன்னு தனித்தனி மைக் இருக்கு. யாரு என்ன பேசினாலும் வண்டிக்குச் சொல்ற கட்டளையான்னு பாக்கறதுக்காக எழுத்தா எழுதி வச்சுக்கும். நீங்க பேசினது இருக்கு..."

"நான் சும்மா தனியா பேசினேம்மா" என்றார் கூச்சத்தோடு.

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

3:02 டிரைவர்: நீதானா?

3:02 பின் சீட்டு: இல்ல.

3:03 டிரைவர்: கோவமா எம்மேல?

3:03 பின் சீட்டு: என்னைக் கேக்காதீங்க.

நடுவில் அவர் பேசியது முழுக்க, ஒரு சொல் விடாமல் இருந்தது. அவர் விரல் திரையில் கீழே கீழே இறங்கியது. கடைசி இரண்டு வரி.

3:08 டிரைவர்: ஏதாவது சொல்லேன்.

3:08 பின் சீட்டு: அவங்க உங்க பக்கத்து சீட்டுல உக்காந்திருக்காங்க. கிளம்பினதுலேர்ந்து பேசிட்டேதான் வர்றாங்க. உங்களுக்குத்தான் கேக்கல.