அக்காவுக்கு முழுப்பேர்

இரத்தோட்டை பஸ் ஸ்டாண்டில் மத்தியானமே பனிமூட்டம் இறங்கிவிட்டது. என் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் இரண்டு போன்கள். இரண்டிலும் ஒரே மஞ்சள் பட்டனை அழுத்துகிறாள்.

"கிரிப்டோ காசுங்க. தெனமும் அழுத்தினா கொஞ்சம் ஏறும். சம்பளம் கைக்கு வர்றதுக்குள்ள மாவு வெல ஏறிடுதே!"

"ரெண்டு போன் எதுக்கு?"

"இது அக்காவோடது. அவ செத்துட்டா."

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான்.

"உசுரோட இருந்தப்ப அவளுக்குப் பாதி நாள் அரைப்பேருங்க. இதுல இப்பவும் முழுப்பேர் விழுது."

சும்மா இருக்க முடியாமல் கேட்கிறேன்: "அந்தக் காச எடுக்க முடியுமா?"

"மொகத்தக் காட்டி கண்ணச் சிமிட்டச் சொல்லுதுங்க. மாலை போட்ட அவ படத்தத்தான் காட்டுவேன். ஒவ்வொரு தடவையும் முடியாதுன்னுதான் வரும்."

பஸ் வருகிறது. எழுந்தவள் குனிந்து, குரலைத் தாழ்த்துகிறாள்.

"நேத்து சரின்னு வந்துருச்சுங்க."

"காச எடுத்தீங்களா?"

"இல்லீங்க. படத்த செவுத்துப் பக்கம் திருப்பி வச்சிட்டேன்."