கற்பூரம் மணத்த தொப்பி

என்னிடம் பழைய ஆண்கள் தொப்பி பதினொன்று இருக்கிறது. பெரும்பாலும் ஃபெல்ட் தொப்பிகள், துரைமார் காலத்துக் கெட்டித் தொப்பி ஒன்று. தேயிலை ஃபேக்டரி வேலை முடிந்து வந்ததும் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அந்த ஆவியில் காட்டி விளிம்பை நிமிர்த்துவேன். காலையில் திருநீறு பூசியபின், அது அழியாமல் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்வேன். பன்னிரண்டாவதாகவும் ஒன்று இருந்தது.

அதைத் தானா ராத்தா டவுனில் பழைய சாமான் விற்கும் சீனக் கிழவரிடம் வாங்கினேன். பழுப்பு நிறம், அகல விளிம்பு. உள்ளே கற்பூரம் மணந்தது. பழைய துணிமணியில் அந்துருண்டை போட்டு வைப்பார்கள், அதுதான் என்று நினைத்தேன். என் மனைவி மோந்து பார்த்துவிட்டு, பூஜைத் தட்டு மாதிரி மணக்கிறதே என்றாள். நான் சிரித்தேன். உள்பட்டை ஓரிடத்தில் கிழிந்து சிவப்பு நூலால் தைத்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, வெளியே மட்டும் புதுசாகக் கறுப்பு ரிப்பன் கட்டினேன். மூன்று மாதம் அதைத்தான் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, என் மனைவியோடு ஃபேக்டரியில் வேலை செய்யும் பெண்ணை எங்கள் வேனில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்கள் எஸ்டேட்டின் கீழ் டிவிஷன்காரப் பெண். அவள் புருஷனுக்குக் குடலில் கட்டி. ஆபரேஷனுக்காகப் பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸில் மலையடியில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாக இருந்தது. பின்சீட்டிலிருந்து அவள் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். போன வருஷம் கட்டி முதலில் தெரிந்தபோது, அவர்கள் லைன் வீடுகளுக்குப் பக்கத்திலுள்ள முனியாண்டி சாமிக்குப் புருஷன் நேர்ந்துகொண்டாராம். வலி நின்றதும் தன் அப்பா விட்டுப்போன தொப்பியைக் கொண்டுபோய்ச் சாமி கல்லின் தலையில் வைத்தாராம். நாலு மாதத்துக்கு முன் அது காணாமல் போனது.

“சாமி தலையில இருந்தத எவனோ எடுத்துட்டான்க்கா. அதுலேருந்துதான் இவரு படுத்துட்டாரு.”

என் தலையெல்லாம் சுட்டது. அந்துருண்டை இல்லை, கற்பூரமேதான். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே தேயிலையைப் பார்க்க ஆரம்பித்தாள். கழற்றினால் தெரிந்துவிடும். கழற்றாமலும் ஓட்ட முடியவில்லை. அப்படியே ஓட்டினேன்.

வளைவில் பிள்ளையார் கோயில் வந்தது. நிறுத்துங்கண்ணே, ஒரு சூடம் கொளுத்திட்டுப் போலாம் என்றாள். அங்கே நிற்காமல் நான் ஒரு நாளும் போனதில்லை. அன்றைக்கு நிற்காமல் போய்விடலாமா என்று நினைத்தேன். பிள்ளையார் முன்னால் தொப்பியோடு எப்படி நிற்பது? கழற்றி, உள்பக்கம் தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். சூடம் ஏற்றிவிட்டு நிமிர்ந்தவள் விளிம்பையே பார்த்தாள். கேட்டு வாங்கித் திருப்பினாள். சிவப்பு நூலில் விரல் வைத்தாள். அவள் கையால் போட்ட தையல்.

வாங்கிய கதையைச் சொன்னேன். நம்பினாளோ என்னவோ. “இத போட்டுக்கிட்டுத்தான் நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டு வந்தீங்களாண்ணே?” என்று மெதுவாகக் கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உடனே திரும்பிப் போய் அதைச் சாமியிடம் வைக்க வேண்டும் என்றாள். போனால் புருஷனைப் பார்க்க முடியாதுடி என்று என் மனைவி தடுத்தாள். அவர்களை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, நானே கொண்டுபோய் வைப்பதாக முடிவானது. இறங்கியவள் ஜன்னல் பக்கம் வந்தாள்.

“வச்சிட்டு போன் பண்ணுங்கண்ணே. அதுவரைக்கும் அவர வண்டியில ஏத்த விடமாட்டேன்.”

ஏதோ வேதனையில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

பள்ளி விடுமுறை வேறு. ஸ்ட்ராபெரி தோட்டம் பார்க்க வந்த பஸ்களும் கோலாலம்பூர் கார்களும் மலைப்பாதையை அடைத்து நின்றன. பக்கத்து சீட்டில் துண்டு விரித்து, அதன்மேல் தொப்பியை வைத்திருந்தேன். பாதி வழிகூடப் போகவில்லை, மணி பதினொன்று தாண்டியது. போன் வந்தது. மனைவி.

அந்தப் பெண் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நர்ஸ் இரண்டு தடவை சொல்லியும் விடவில்லை என்றாள். அவர் ஸ்ட்ரெச்சரில் நடுங்கிக்கொண்டு கிடக்கிறார், ஈப்போவில் டாக்டர் காத்திருக்கிறார் என்றாள்.

“வச்சாச்சான்னு கேக்குறா. என்னங்க, சொல்லுங்க.”

முன்னால் நின்ற பஸ் ஓர் அடி நகரவில்லை. நெற்றியில் திருநீறு இருக்கும்போது பொய் சொல்லக்கூடாது என்று வைத்திருப்பவன் நான். கண்ணாடியில் என் நெற்றியைப் பார்த்தேன். பக்கத்தில் தொப்பியைப் பார்த்தேன்.

“வச்சாச்சுன்னு சொல்லு.”

மனைவி திரும்பிச் சொல்வது கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம்.

முனியாண்டி கோயில் போய்ச் சேர மேலும் முக்கால் மணி நேரம் ஆனது. தூறல் பிடித்திருந்தது. நான் கட்டிய கறுப்பு ரிப்பனைப் பேனாக்கத்தியால் அறுத்தேன். தொப்பியைக் கல்லின் தலையில் வைத்து, இனிமேல் ஆளோ காற்றோ கொண்டுபோகாதபடி கயிற்றால் கட்டினேன். தப்பு ரெண்டும் என்னுது, உன்னுதைப் போட்டுக்கிட்டுத் திரிந்ததும், உன் பேரைச் சொல்லிப் பொய் சொன்னதும். அந்த மனுஷன் மேல வைக்காதே என்று வாய்விட்டுச் சொன்னேன். சாயங்காலம் ஈப்போவிலிருந்து போன் வரும்வரை வீட்டில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அவர் இப்போது லேசான வேலைக்குப் போகிறார். அந்தப் பெண் முனியாண்டி திருவிழாவுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்: “அண்ணன் அங்க தொப்பிய வச்சாரு, இங்க வண்டி கெளம்பிருச்சு. அந்த நிமிஷமே லா.” எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் கையெடுத்துக் கும்பிடுவேன். நான் அன்று எத்தனை மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று என் மனைவி இதுவரை கேட்டதில்லை.

அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கீழ் டிவிஷனுக்கு வெறுந்தலையோடு போகிறேன். அவள் சாமி முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருப்பாள். கயிற்று முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன்.