தொட்டிக்குள் போட்ட அம்மை

ஐப்பசி மழை விடாமல் பெய்து வீடே சில்லிட்டுக் கிடந்த வாரம், எங்கள் மீன்தொட்டிக்குள் யாரோ ரவையைக் கொட்டிவிட்டார்கள். அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஏஞ்சல் மீன்கள் இரண்டின் உடம்பிலும் வெள்ளை வெள்ளையாகப் பொடி. மனைவி உப்புமா கிண்டும்போது சிந்தியிருப்பாள் என்று விசாரணையைத் தொடங்கினேன். அடுப்படிக்கும் ஹாலில் இருக்கும் தொட்டிக்கும் நடுவே இரண்டு சுவர் இருப்பதை அவள் நினைவூட்டினாள்.

மூன்றடித் தொட்டி. மோலி, டெட்ரா, கண்ணாடிக் கெளுத்தி என்று பல வகையறா அதில் ஒன்றாகக் குடியிருந்தன. ஆனால் ஏஞ்சல் ஜோடிதான் வீட்டுக்காரர்கள், மற்றவையெல்லாம் வாடகைக்கு இருப்பவை. நாணயம் அளவில் வாங்கிவந்து உள்ளங்கை அகலத்துக்கு வளர்த்திருந்தேன். நான் ஹாலுக்குள் நுழைந்தால் இரண்டும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இந்த வீட்டில் என்னைப் பார்த்ததும் எழுந்து வருகிற உயிர்கள் அவை மட்டுமே. அவை செத்துப்போகுமோ என்று நினைத்ததும் பதறிப்போனேன். வாயை மூடிக்கொண்டு பதறும் பழக்கம் எனக்கு இல்லை. தெருவுக்கே கேட்கும்படி பதறினேன்.

மனைவி கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

“இது தெரியலையாக்கும். அம்மைல்ல போட்டிருக்கு.”

“மீனுக்கா?”

“ஏன், அதுக்கு ஒடம்பு இல்லையா? நீங்க பதறாதீக. ஆத்தா வந்தா தானா எறங்கும்.”

அன்று சாயங்காலமே தொட்டி மூடியின்மேல் வேப்பிலைக் கொத்து ஏறியது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பதால் எண்ணெய்ச்சட்டி பரணுக்குப் போனது. காரைக்குடியில் இருந்துகொண்டு கடுகு வெடிக்காத குழம்பைச் சாப்பிடுவது ஒரு தண்டனை. நான் படித்தவன், எதிர்த்துப் பேசியிருக்கலாம். ஆனால் பயந்துபோனவனுக்கு மருந்தும் வேண்டும், வேப்பிலையும் வேண்டும்.

மருந்துக்கு வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினேன். வெள்ளைப்புள்ளி நோய், ஒட்டுண்ணியால் வருவது என்றார் கடைக்காரர். நீல மருந்து ஒரு பாட்டில், கல்லுப்பு, தண்ணீரை வெதுவெதுப்பாக்க ஒரு ஹீட்டர். “புள்ளி போயிருச்சுன்னு மருந்த நிப்பாட்டிராதீக சார்” என்றார். தலையை ஆட்டினேன். தலைக்குள் எதுவும் போகவில்லை.

காரைக்குடியில் காசு கொடுத்துச் சூட்டை வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மருந்து ஊற்றியதில் சட்டை நீலம், தரை நீலம். டியூபை வாயால் உறிஞ்சித் தண்ணீரை இறக்கியதில் நாக்கும் நீலம். அது வெளுக்கும்வரை அலுவலகத்தில் வாயே திறக்கவில்லை. என் ஜோக்குகளிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த ஒரே விடுமுறை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு வந்தார். அவள் வாசலிலேயே மறித்தாள்.

“வீட்ல அம்மை போட்டிருக்குண்ணே. கறி உள்ள வரக்கூடாது.”

“ஆத்தாடி, யாருக்கு? மாப்பிள்ளைக்கா?”

“மீனுக்கு.”

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மாப்ள, எங்க வீட்டுக்குள்ள மீன் வந்தா நாங்க புளியக் கரைப்போம். நீங்க வேப்பெல கட்டியிருக்கீக.”

“மெதுவாப் பேசுங்க மச்சான். அதுகளுக்குக் கேட்டுறப் போகுது” என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிந்ததும் கறியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சில நாளில் புள்ளிகள் உதிர்ந்தன. ஏஞ்சல்கள் துடைத்துவைத்த வெள்ளித்தட்டு மாதிரி ஆயின. “எறங்கிருச்சு” என்றாள் மனைவி. அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துவைப்பதுதானே வழக்கம். மஞ்சளும் வேப்பிலையும் மட்டும் தொட்டிக்குள் வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு, நீலத்தை இறைத்துப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். ஹீட்டரைக் கழற்றினேன். மருந்து பரணுக்கு ஏறியது, எண்ணெய்ச்சட்டி இறங்கியது. மச்சான் மறுபடி கறியோடு வந்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் புள்ளிகள் திரும்பிவிட்டன. முன்பு ரவை சிந்தியது போல இருந்தது, இப்போது மாவில் போட்டுப் புரட்டியது போல. ஒரு மோலி செத்து மிதந்தது. பெண் ஏஞ்சல் மூலையில் ஒருபக்கம் சாய்ந்து மூச்சு வாங்கியது. நான் போய் நின்றும் அது கண்ணாடிக்கு வரவில்லை.

பக்கத்துத் தெருவில், கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ஒரு அக்கா இருக்கிறார். அவர் வீட்டில் மைக்ராஸ்கோப் உண்டு. செத்த மோலியை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

“என்ன, சாப்பாடா கொண்டாந்திருக்கீக?”

“இல்லக்கா, பிரேதம்.”

அவர் மோலியின் தோலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவினார். “இங்குட்டு வந்து கண்ண வைங்க.”

வைத்தேன். ஒரு உருண்டை சுற்றிக்கொண்டிருந்தது. அதன் உடம்பெங்கும் பொடி மயிர். வயலில் காற்று புகுந்தால் நெற்கதிர் வரிசையாகச் சாய்ந்து எழுமே, அதுபோல மயிர் மொத்தமும் அலையலையாய் அசைந்தது. நடுவில் லாடம்போல் வளைந்த உட்கரு. எந்த அவசரமும் இல்லாமல், வீதி முனையில் தேர் திரும்புவது போல, அது திரும்பிக்கொண்டே இருந்தது. என் மோலியைக் கொன்றது இதுதான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

அக்கா சொன்னார். அது மீனின் தோலுக்கடியில் உட்கார்ந்து தின்னும்போது மருந்து தொடாது. வயிறு நிறைந்ததும் தானே வெளியேறி தொட்டியின் அடியில் பரப்பிய கூழாங்கல்லுக்குள் விழும். தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு உள்ளே இரண்டாய், நாலாய், நூற்றுக்கணக்காய்ப் பிரியும். ஓடு வெடித்து அத்தனையும் மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்து வேலை செய்யும்.

“புள்ளி உதிர்ந்துச்சுன்னீகளே, அப்பத்தான் அது கீழ பேறுகாலத்துக்குப் படுத்திருக்கு. நீங்க என்ன செஞ்சீக?”

“தலைக்குத் தண்ணி ஊத்துனோம்க்கா.”

அக்கா சிரித்து ஓய்ந்தபிறகு, “மருந்தயும் நிப்பாட்டி, தொந்தரவு பண்ணாம கதவச் சாத்திட்டு வந்திருக்கீக” என்றார்.

நான் மறுபடியும் கண்ணை வைத்தேன். கண் கிடையாது, மூளை கிடையாது. எப்போது இறங்க வேண்டும், எங்கே ஒளிய வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. கண்ணும் மூளையும் வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்ததெல்லாம் பதறுவது மட்டும்தான். அதைக் கொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்று நிஜமாகவே தோன்றியது. மனைவி வேப்பிலை சொருகியபோது அவள் முகத்தில் இருந்த பயபக்தி எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

மீண்டும் ஹீட்டர், உப்பு, நீலம். தினமும் அடிக்கல்லைக் கிளறி அழுக்கை உறிஞ்சி எடுத்தேன். இந்தமுறை வாயை வைக்கவில்லை. புள்ளிகள் மறுபடி உதிர்ந்தன.

“முடிஞ்சுச்சா?” என்றாள் மனைவி.

“இனிமேத்தான் ஆரம்பம். இப்ப அம்புட்டும் கீழ கெடக்கு.”

அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. நீலத் தண்ணீர், சுத்தமான மீன்கள், அடியில் கூழாங்கல். அந்தக் கல்லுக்குள் நடப்பதை நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் கோயிலில் உட்கார்ந்திருப்பது போல இருந்தோம். நாள் தவறாமல் மருந்து விழுந்தது. பெண் ஏஞ்சல் மட்டும் எதையும் தின்னவில்லை. ஆண் அதை விட்டு நகராமல் பக்கத்திலேயே நின்றது.

ஒரு காலையில், அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் வழக்கம்போல இரண்டு உருண்டைத் தீனி போட்டேன். ஒன்றை ஆண் விழுங்கியது. மற்றது மெல்ல இறங்கி மூலைப்பக்கம் போனது. பெண் அதை வாயில் வாங்கியது. துப்பியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றது. மறுபடி வாங்கியது. இந்தமுறை துப்பவில்லை.

பஸ் போய்விடும் என்று மனைவி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். போகட்டும் என்று சொல்லிவிட்டு, இன்னொரு உருண்டையை எடுத்தேன்.