நசீமா அக்காவிடம் நான் சொன்ன பொய்

கிரேனிலிருந்து இறங்கி போனை எடுத்தால், கூட வேலை பார்க்கும் செல்வராஜ் ஆறு முறை கூப்பிட்டிருந்தான். திருப்பிக் கூப்பிட்டேன். "நசீமா அக்கா தவறிட்டாங்கண்ணே. நிமோனியா முத்திப்போச்சாம்" என்றான். அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. அக்காவிடம் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன்.

துவாக்குடி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் அவர் பார்மசிஸ்ட். பாலக்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஷிப்ட் முடிந்து போகும் எங்களை பெஞ்சில் உட்காரவைத்து, ஐந்து நிமிடம் பேசவிடாமல் வைத்திருந்து, பிறகு பிரஷர் பார்ப்பார். டிபன் பாக்ஸில் ஊறுகாய் வாசனை வந்தால், உப்பைப் பற்றிய திட்டிலிருந்து அன்று தப்ப முடியாது.

நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கம்பெனியின் வருடாந்திரப் பரிசோதனைக்குப் பத்து நாள் முன்புதான் பிரஷர் மாத்திரையைத் தொடுவோம். முடிந்ததும் நிறுத்திவிடுவோம். பிரஷர் என்று தெரிந்தால் கிரேனை விட்டு இறக்கிவிடுவார்களே. மூன்றாம் வருடமும் அதே பழைய மருந்துச் சீட்டோடு அக்கா முன் போய் நின்றேன்.

"வருஷத்துக்குப் பத்து நாள்தான் பிரஷர் வருமா, முருகேசன்?"

அசடு வழிந்தேன்.

"இப்படி விட்டு விட்டுப் போட்டா இதயம் தாங்காதுங்க. மேல நீங்க மயங்கினா கீழ நிக்கிறவங்க கதி என்ன? டாக்டரைப் பார்த்து தினமும் போடுங்க. கம்பெனி டாக்டர்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க."

மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன். கம்பெனியில் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. அவர் மாதாமாதம் கேட்டார். ஒருநாள், "சொல்லிட்டேன்க்கா" என்றுவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. அதன்பின் கேட்கவே இல்லை. ஏணியில் ஏறும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கும். வியாதியா, பொய்யா என்று எனக்கே தெரியாது.

நேற்று துக்கம் விசாரிக்கப் போனேன். அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிரேன் ஓட்டுறவரா? நசீமா உங்க பேரைச் சொன்னதில்ல. ஆனா, வேலை போனாலும் பரவால்லன்னு உண்மையைச் சொன்ன மனுஷன்னு பெருமையா சொல்லுவாங்க. அதைக் கேட்டுத்தான் ஒரு வெல்டரும் தைரியமா போய்ச் சொன்னாராம்."

அவர் கொடுத்த தண்ணீரை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

இன்று காலை கம்பெனி டாக்டர் முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பரிசோதனை முடிவு தெரியும்வரை கீழேதான் வேலை என்றார். இனி என்ன ஆகுமோ. என் கிரேனில் வேறொருவர் ஏறுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா, நீங்கள் என்னைப் பற்றி ஊருக்குச் சொன்னது இன்றிலிருந்து பொய்யில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.