காச்சில் கிழங்குக்கு ஒரு காதல் பாட்டு

போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து கருங்கலுக்கு மினிபஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது என் வலது கை என்னைக் கேட்காமலே மேலே எழும்பிவிட்டது. கண்டக்டர் விசிலை ஊதி வண்டியை நிறுத்திவிட்டார்.

"இங்க ஸ்டாப்பு இல்லியேக்கா. எறங்கணுமா?"

"இல்ல மக்கா, பாட்டு கேட்டு கை தன்னால பொங்கிட்டு."

பஸ் முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும். ஸ்பீக்கரில் ஓடியது எங்கள் குடும்பப் பாட்டு. எழுதிப் பாடியது என் அக்கா மகள் ஜெனிஷா. "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று ஏலம் விளிக்கிற மாதிரி வரும். மூன்றாவது தரம் வரும் என்று நாம் காத்திருக்க, வெறும் தாளம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் அதற்கு ஆடி ரீல்ஸ் போடுகிறார்கள். அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு கிழங்கு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

என் சீட்டுக்கு அடியில் யாரோ கிழங்குச் சாக்கு வைத்திருந்தார்கள். அதிலிருந்து வந்த ஈரமண் வாசனைதான் அறுப்பின் பண்டிகையன்று எங்கள் சர்ச் முழுக்க அடிக்கும். அவரவர் தோட்டத்தில் விளைந்த முதல் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். தேங்காய், வாழைக்குலை, சேவல். (சேவல் ஒரு வருஷம் சபைப் போதகர் ஐயரின் ஜெபத்துக்குச் சரியான இடத்தில் ஆமென் சொன்னது. அது வேறு கதை.) சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறவர்கள்கூட அன்றைக்கு ஒற்றை முட்டைக்கு வீம்பு பிடித்துக் கைதூக்குவார்கள். பணம் கர்த்தருக்கு, பவுசு நமக்கு.

ஏலம் விளிப்பவர் ஞானசிகாமணி அண்ணன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். சுருள்முடி, மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, மைக் வேண்டாத குரல். நான் அப்போது நர்சரிப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்த புதிது. பாடகர் குழுவிலும் இருந்தேன். எனக்கு அவர்மேல் ஒரு இது. ஒரு இது என்ன, தலைகுப்புற விழுந்து கிடந்தேன்.

ஏலத்தில் கடைசியாக வருவது அவரே மாடியில் சாக்கில் மண் நிரப்பி வளர்த்த காச்சில் கிழங்கு. காச்சிலைப் பார்த்திருக்கிறீர்களா? மேலெல்லாம் முடியும் மண்ணுமாக, தலை எது கால் எது என்று தெரியாமல் கிடக்கும். அதை வருஷா வருஷம் எடுப்பவர் தாசையன் அண்ணன். அவருக்குக் கருங்கல் சந்தையில் கிழங்கு மொத்த வியாபாரம். கடை நிறையக் காச்சில் குவிந்து கிடக்கும். ஆனால் இந்த ஒன்றுக்கு மட்டும் அநியாய விலை கேட்பார். குடியிருப்பு கடைக்கு மேலே மாடியில். அடுத்த அறையில் வாடகைக்கு ஞானசிகாமணி அண்ணன். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை.

"பாவம், பொங்கிப்போட ஆளில்லாத பயக்க" என்பாள் அம்மா.

ஏலத்தில் எடுத்த காச்சிலைத் தாசையன் அண்ணன் வேகவைப்பார். வளர்த்தவரும் பக்கத்தில் உட்கார்ந்து தின்பார். அதாவது, கிழங்கு மாடியிலிருந்து இறங்கி, சர்ச்சுக்குப் போய், ஏலம் போய், திரும்ப அதே மாடிக்கு ஏறும். இதில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்று. அந்தக் கிழங்குக்கு மட்டும் ஞானசிகாமணி அண்ணன் "ரெண்டு தரம்..." என்று நிறுத்தி, மூன்றாவதைச் சொல்லாமல் இழுப்பார். இழுத்துக்கொண்டே பாடகர் குழு நிற்கும் பக்கமாகப் பார்த்து மெல்லச் சிரிப்பார். அவர் பார்ப்பது என்னைத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அடுத்த பண்டிகைக்கு மயில்நீலத்தில் புதுச்சேலை எடுத்தேன்.

அந்த வருஷமும் இழுத்தார், பார்த்தார், சிரித்தார். மனுஷன் இதற்குமேல் எப்படிக் கேட்பார் என்று நினைத்து நான் கையைத் தூக்கிவிட்டேன்.

முற்றமே திரும்பிப் பார்த்தது. எனக்கு நேர் முன்னால் நின்ற தாசையன் அண்ணனும் திரும்பினார். சந்தையில் எவனுக்கும் அசையாத மனுஷர் முகம் வெளுத்துவிட்டது. அவசரமாக விலையைக் கூட்டினார். நானும் கூட்டினேன். மறுபடி அவர். மறுபடி நான். அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு பாய்ந்து வந்தாள்.

"ஏட்டி, கையத் தாத்து! நமக்கு எதுக்குட்டி இந்தக் காச்சிலு?"

என் கையை அம்மா பிடித்து இழுத்ததுதான் தாமதம், "ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம்!" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார் ஞானசிகாமணி அண்ணன். கிழங்கு தாசையன் அண்ணனுக்கு. என் சம்பளம் வீணாகக் கூடாது என்று எவ்வளவு அக்கறை என்று அன்றைக்கு முழுக்க உருகிப்போய்க் கிடந்தேன்.

பிறகு எனக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். ஞானசிகாமணி அண்ணன் காலமானார். அடக்கத்தின்போது உறவுக்காரர்கள் வரிசைக்கெல்லாம் பின்னால் தாசையன் அண்ணன் தனியாக நின்றார். வாடகைக்கு இருந்தவர்மேல் எவ்வளவு பாசம் என்று அப்போதும் நினைத்தேன். என் புத்தி அப்படி.

போன லீவுக்கு ஜெனிஷா பெங்களூரிலிருந்து தோழியோடு வந்தாள். தோழி என்றுதான் அக்கா சொல்வாள். நான் ஒன்றும் கேட்காமல் இருவருக்கும் ஒரே பாயை விரித்துக் கொடுத்தேன். மறுநாள் வட்டக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். கோட்டைச் சுவரில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெனிஷா திடீரென்று கேட்டாள்.

"நம்ம ஊருல எங்கள மாதி யாருமே இருந்ததில்லியா சித்தி?"

பேச்சை மாற்ற என் காதல் தோல்வியைச் சொன்னேன். சேலை, காச்சில், அம்மா எல்லாம். சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் ஒருத்தியையொருத்தி பார்த்தார்கள். தோழி சிரிப்பு தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, அவரு உங்களப் பாக்கல்ல. உங்களுக்கு முன்னால நின்ன ஆளப் பாத்திருக்காரு" என்றாள் ஜெனிஷா.

காதலில் தோற்பது சரி, இத்தனை வருஷம் கழித்தா தோற்பது! நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அடக்கத்தன்று வரிசைக்குப் பின்னால் தனியாக நின்றவர் ஞாபகம் வந்தது. அழுதுவிட்டேன். ஜெனிஷாவும் அழுதாள். அவள் பெங்களூர் திரும்பிய கையோடு பாட்டு வந்துவிட்டது.

பாட்டில் பேரும் இல்லை, ஊரும் இல்லை. ஆனால் மூன்றாவது தரத்தை இழுத்த ஆள் யார் என்று எங்கள் சபையில் யாருக்குத்தான் தெரியாது? வயசான காலத்தில் தாசையன் அண்ணன் நொறுங்கிப்போவாரே என்ற பயத்தில்தான் போன வாரம் அந்த மினிபஸ்ஸில் ஏறினேன்.

கடையில் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஒரு பாட்டு வந்திருக்கு..."

"கேட்டேன் பிள்ளே."

கையிலிருந்த காச்சிலின் மண்ணைத் தட்டிச் சாக்கில் போட்டார்.

"பாட்டு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. அதுல மாம்பழம் எங்கேருந்து வந்து?"

காச்சில் காதலுக்குத் தோதுப்படாது என்று ஜெனிஷா அதை மாம்பழமாக மாற்றியிருந்தாள்.

"ஒரு மாம்பழத்துக்கா நான் ஒங்கூட மல்லுக்கு நின்னேன்? மாத்திப் பாடச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். இப்போது எங்கள் சர்ச்சில் ஏலம் கிடையாது. முன்கூட்டியே காணிக்கைக் கவர் கொடுத்துவிடுகிறார்கள், பணத்தை வைத்து ஒட்டித் திருப்பிக் கொடுக்கிறோம். சத்தமில்லை, சண்டையில்லை, சேவலும் இல்லை. இத்தனை பேர் நடுவில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டே நிற்க இனி எங்கே இடம்?

"ஒருக்கப் போடு, கேப்பம்" என்றார்.

போனில் போட்டேன். ஒரு தரம். ரெண்டு தரம். அவர் கை மெல்ல மேலே போனது. தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"இப்பமும் இழுக்கான் பாத்தியா, சவம்" என்றார்.

பாட்டு முடிந்து நகைக்கடை விளம்பரம் வந்த பிறகும் அவர் கையைத் தாழ்த்தவில்லை.