டாக்டரம்மாவின் அப்பா

காத்திவாக்கத்தில் நெத்திலி காயப்போட்டிருந்த கடற்கரைக்கு முதன்முதலாகப் போன அன்று, எங்கள் குழுவில் எல்லோரும் முகக்கவசத்தைச் சற்று மேலே ஏற்றிக்கொண்டோம். டாக்டரம்மா மட்டும் தன்னுடையதைக் கழற்றிவிட்டார். கண்ணை மூடி இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்தார். உடம்புக்கு முடியவில்லையோ என்று நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாமென்று கையசைத்துவிட்டு, "எங்கள் வீட்டு வாசலும் இப்படித்தான் இருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அவர் மலாவி நாட்டுக்காரர். கடலே இல்லாத நாடு. ஆனால் எதிர்க்கரை தெரியாத ஓர் ஏரி உண்டாம். அதில் பிடித்த பொடிமீனைக் காயவைத்து விற்றுத்தான் அவருடைய அப்பா மகளைப் படிக்கவைத்திருக்கிறார். வடசென்னையில் வீடு வீடாகக் காசநோயைக் கண்டறியும் ஆய்வுக்காக அவர் ஓராண்டு வந்திருந்தார். நான் கொருக்குப்பேட்டைக்காரி, அவர் பேசுவதை மொழிபெயர்ப்பது என் வேலை. ராயபுரத்தில் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தார். மக்காச்சோள மாவைக் கிளறிக் களி மாதிரி ஏதோ செய்வார்; மாவு சரியில்லை என்று பாதியில் வைத்துவிடுவார். ஊர் ஞாபகம் வருகிறதா என்று கேட்டால், வேலை இருக்கிறதே என்பார். ஆனால் மாலையில் எந்தத் தெருவில் இருந்தாலும், ஒரு சுவரோரமாக ஒதுங்கி அப்பாவுக்குப் போன் செய்துவிடுவார்.

அந்தக் கரையில் நெத்திலி காயவைக்கும் அக்கா ஒருவர் இருந்தார். வாரக்கணக்காக இருமல். சளிப் பரிசோதனைக்கு டப்பாவை நீட்டினால் தொடவே மாட்டார். "எட்த்துகினு போம்மே. பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு கீறேன். எனக்கு நோவுன்னு தெரிஞ்சா எவன் வருவான்?" என்பார். டாக்டரம்மா வாதாடவில்லை. வேலை முடிந்ததும் அக்காவோடு உட்கார்ந்து மீனைத் திருப்பிப்போடுவார். அந்தக் கை வேகத்தைப் பார்த்து அக்காவுக்கு ஆச்சரியம். "உன் டாக்டரு இத எங்கம்மே கத்துகினாங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான்காவது மாதம், ஒருநாள் காலை, ஷேர் ஆட்டோவில் போகும்போது டாக்டரம்மா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். விடியற்காலையில் அப்பா இறந்துவிட்டார். மறுநாள் அடக்கம். எந்த விமானத்தைப் பிடித்தாலும் போய்ச்சேர முடியாது. யாரிடமும் சொல்லாதே என்றார். சரி என்றேன்.

கரையில் அக்கா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா டாக்டரம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்ல" என்றார் டாக்டரம்மா, அதற்குள் கற்றிருந்த அரைகுறைத் தமிழில். அக்கா என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாது என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அக்கா எழுந்து டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் குடிசைக்குப் பின்னால் கூட்டிப்போனார். குடத்தோடு தண்ணீரைத் தலையில் ஊற்றித் தன் புடவை ஒன்றைச் சுற்றிவிட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து வட்டமாக உட்கார்ந்து, தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். இறந்தவரின் முகத்தைக்கூட அவர்கள் பார்த்ததில்லை. டாக்டரம்மா வெகுநேரம் விறைப்பாக இருந்தார். பிறகு அவர் மொழியில் ஏதோ சொல்லி அழத் தொடங்கினார். நான் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன்.

அதன்பின் இரண்டு நாட்கள் வேலைக்கு வேண்டியதைத் தவிர அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் அக்கா எங்கள் ஆய்வு மையத்துக்குத் தனியாக வந்தார்.

"குடு அந்த டப்பாவ. அன்னிக்கு அயுதேன்ல, இருமி இருமி முந்தானைல ரத்தம் வந்துச்சு. யாரும் பாக்கல."

காசநோய்தான். ஆறு மாதம் ஒருநாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டார். மகளுக்கு நோய் இல்லை. ஆனால் விஷயம் எப்படியோ வெளியே தெரிந்து, வந்த வரன் ஒன்று தட்டிப்போனது. மகள் ஒரு துணி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அக்கா எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பும் அன்று விமான நிலையத்தில் டாக்டரம்மா சொன்னார்: "நீ சொன்னது தப்பு. ஆனால் தனியாக என்னால் அந்த நாளைக் கடந்திருக்க முடியாது." நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

போன மாதம் அக்கா போன் செய்தார். "டாக்டரு நைனா பூட்டாரே, ஒரு வருசம் ஆவுதுல்ல? நாளிக்கு படைக்கிறேன். அவரு பேரு இன்னா?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை மாதம் கூடவே இருந்தும் நான் அதைக் கேட்டதில்லை.

மறுநாள் மதியம் அக்கா வீட்டில் வாழையிலையில் சோறும் நெத்திலிக் குழம்பும் வைத்திருந்தது. மலாவிக்குப் போன் போட்டு, விவரம் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டேன். டாக்டரம்மா அப்பாவின் பெயரை மெதுவாகச் சொன்னார். அக்கா கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு திருப்பிச் சொன்னார், தப்பாக வந்தது. டாக்டரம்மா திருத்தினார். மறுபடியும் தப்பு. மூன்றாவது தடவை சரியாக வந்தது.

அக்கா போன் பக்கம் குனிந்தார். "யம்மா, உங்க நைனா காரம் சாப்டுவாரா?"

நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் தமிழிலேயே பதில் வந்தது. "சாப்டுவாரு."