கூரைத் துணியில் ஒரு வீக்கம்

நல்லம்பள்ளியில் பஸ் டிபனுக்காக நிற்கிறது. பாய் கடையில், ஓட்டிலிருந்து தேள் விழாமலிருக்க, கூரைக்கு அடியில் வெள்ளைத் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோகிறேன். துணிக்குள் ஒரு வீக்கம் நகர்ந்து வந்து, சரியாக என் தலைக்கு மேல் நிற்கிறது.

"பாம்பு!" என்று அலறிக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறிவிடுகிறேன். பாம்புக்குப் பயந்தவன் பாம்பு இருக்கும் பக்கமாகவா ஏறுவான்? நாற்பத்தைந்து வயது மூளை அப்படித்தான் சொல்கிறது.

"பூனைங்க அது, நெறமாசம்," என்கிறார் பாய். அவர் சொல்லி முடிப்பதற்குள், பாரம் தாங்காமல் துணியின் ஒரு மூலைக் கயிறு அவிழ்கிறது. "ஏறுனதுதான் ஏறுனீங்க, அந்த மூலையைப் புடிச்சுக்குங்க. வுட்டுடாதீங்க, குட்டி போடப் போவுது!"

இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். வெளியே ஹாரன் அலறுகிறது. என் தகரப் பெட்டி பஸ்ஸுக்குள் இருக்கிறது. பெட்டியா, பூனையா?

"எவன்யா அவன், எல்லாரையும் காக்க வைக்கறது?" என்று கத்திக்கொண்டே டிரைவர் உள்ளே வருகிறார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. அந்தக் கயிறும் நழுவுது," என்று பாய் எதிர் மூலையை அவர் கையில் திணிக்கிறார்.

இனி பஸ் எங்கே போகும்?

"மெல்லப் பேசுங்க டிரைவர், பிரசவம் நடக்குதில்ல?" என்று அதட்டுகிறேன்.